தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையும் சைகோன் காப்பகமும்

1

நம் பக்கத்திலிருந்து யார் கப்பலேறி இங்கே சைகோனுக்கு வந்தாலும், குசலம் விசாரித்து முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். போன வாரம் வந்த கரையாம்புத்தூர்க்காரரும் அதையே கேட்டார்.

"ஏம்பா, ரெண்டு பேரும் வேலைக்குப் பூட்டா புள்ளைய யாருபா பாத்துக்கிறாங்க?"

"சர்க்காரு" என்றேன்.

மனிதர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரிசிரியென்று சிரித்தார். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். இல்லை ஐயா, நிஜம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சண்டை போட்டுத் திரும்பிய சொல்தாக்களின், அதாவது சிப்பாய்களின், பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளவே இங்கே ஒரு வீடு இருக்கிறது. கிரெஷ் என்று பெயர். காலையில் கொண்டுபோய் விட வேண்டியது, சாயங்காலம் கூட்டிவர வேண்டியது. இதைப் பற்றி ஊர்க்காரர்களுக்கு எழுத வேண்டும் என்று வெகுநாளாய் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுதக் காரணம், போன வெள்ளிக்கிழமை அங்கே நடந்தது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பாகூர் கொம்யூனில் குருவிநத்தம் என் ஊர். நாற்றங்காலை விட்டுப் பட்டாளத்துக்குப் போய், விஷப்புகை குடித்த நெஞ்சோடு திரும்பி வந்தவன். சண்டை முடிந்து சில வருஷம் ஊரில் இருந்து பார்த்தேன். ஏர் பிடித்தால் மூச்சு வாங்குகிறது, கரும்பு வெட்டினால் இருமல் வருகிறது. பழைய சொல்தாவுக்குச் சைகோனில் உட்கார்ந்த வேலை கிடைக்கும் என்றார்கள். உட்கார்ந்த வேலைதான், ஆற்றோரம் சுங்கக் கிடங்கில் இராக்காவல். என் சம்சாரம் பச்சையம்மா பட்டாளத்து ஆஸ்பத்திரியில் துணி தேய்க்கிறாள். எங்கள் பையன் குப்பன்.

கிரெஷ்ஷை முதன்முதலில் பார்த்தபோது வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். முழங்கால் உயரத்தில் நாற்காலிகள்! அதற்குத் தகுந்தாற்போல் மேசைகள். சுவரில் வரிசையாய்த் துண்டுகள். பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரியாது என்பதால் ஒவ்வொரு துண்டுக்கு மேலும் ஒரு படம், வாத்து, சேவல், மீன், குடை என்று. நம் ஊரில் நடவு நேரத்தில் வரப்பு ஓரத்து வேப்பமரத்தில் புடவையைத் தூளியாய்க் கட்டிவிட்டு, கிட்டே இருப்பவள் சேற்றுக் கையாலேயே ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுப் போவாள். பிள்ளை பார்ப்பது ஒரு வேலை, அதற்குச் சம்பளம் உண்டு என்று நடவுப் பெண்களிடம் சொன்னால் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அதற்காக ஊர்ப் பெருமை பேச நான் வரவில்லை. அந்தத் தூளியில் எறும்பு கடித்து அலறிய பிள்ளைகளையும் நான்தான் பார்த்திருக்கிறேன்.

2

குப்பன் கதையைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் ஊருக்குப் போய்வர வேண்டும்.

அவனுக்கு முன்னே எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை. முதலாவது பெண். அடுத்தது பையன். இரண்டும் தவழும் முன்னே போய்விட்டன. மூன்றாவது வயிற்றில் இருக்கும்போதே பச்சையம்மா முடிவு பண்ணிவிட்டாள், இதை விற்றுவிடுவது என்று.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் புதுச்சேரிப் பட்டணத்திலே படித்த பிள்ளைகள் இதை வாசித்துவிட்டு முகம் சுளிக்கக்கூடும், அதனால் சொல்கிறேன். பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த பிள்ளையை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்துவிடுவார்கள். வேறு வீட்டுப் பெண் ஒருத்தி வந்து எடுத்துக்கொள்வாள். பெற்றவள் போய் அவளிடம் தவிடு கொடுத்து அந்தப் பிள்ளையை வாங்கிவருவாள். ஆக, பிள்ளை இவளுடையது இல்லை, தவிட்டுக்கு வாங்கியது. எமன் இவள் பிள்ளையைத் தேடி வந்தால் ஏமாந்து திரும்பிப் போவான்.

குப்பனை எடுக்க வந்தவள் கடலோரத்துப் பனித்திட்டு ஊர்க்காரி அஞ்சலை. மீன் கூடையோடு எங்கள் தெருவுக்கு நாள் தவறாமல் வருகிறவள். நெல்லுக்கு மீன் மாற்றும்போது ஒரு கைப்பிடி நெல்லுக்காகத் தெருவையே இரண்டாக்குவாள். அன்றைக்கு அவள் நடித்த நடிப்பைப் பார்த்திருக்க வேண்டும். கூடையை இறக்கி வைத்துவிட்டு, குப்பைமேட்டைப் பார்த்து மோவாயில் கை வைத்தாள்.

"அய்யய்யோ, இன்னாடி இது, பச்சப் புள்ள! கேக்க ஆளு இல்லாமக் கெடக்குது. யாரு புள்ளடி?"

தெருவே திரண்டு நின்று "தெரியாது" என்றது. நானும் சொன்னேன். பச்சையம்மா வாசற்படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் ஓட, "தெரியாது" என்றாள்.

அஞ்சலை பிள்ளையை மார்போடு தூக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் விறுவிறுவென்று நடந்தாள். பச்சையம்மா முறம் நிறையத் தவிட்டோடு பின்னாலேயே ஓடினாள். தவிடு மீன் கூடைக்குள் விழுந்தது, பிள்ளை கை மாறியது. அப்போது அஞ்சலை விளையாட்டை எல்லாம் விட்டுவிட்டுச் சொன்னாள்:

"எம்புள்ள உன் வூட்ல வளரட்டும். பால்பல்லு வுழற வரைக்கும் உன் புள்ளன்னு வாயத் தொறந்துடாத. சாமி சத்தியமா சொல்றேன், நீ சொன்னா அவனுக்கு ஆவாது."

குப்பைமேட்டில் எடுத்ததால் குப்பன். அவன் பச்சையம்மாவை அக்கா என்று கூப்பிட வேண்டும். என்னை நைனா என்று கூப்பிடலாம். அப்பன் விஷயத்தில் எமனுக்கு அக்கறை இல்லை போலிருக்கிறது.

3

சைகோனுக்கு வந்த புதிதில் பச்சையம்மா பகலில் ஆஸ்பத்திரிக்குப் போவாள், நான் இராக்காவல் முடித்து வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வேன். பார்த்துக்கொள்வது என்றால், தூங்குவது. ஒருநாள் கண் விழித்தால் கதவு திறந்து கிடக்கிறது, குப்பனைக் காணோம். ஆற்றங்கரைப் படித்துறையில் சாமான் படகுக்காரி ஒருத்தி அவனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் பாஷையில் என்னைக் கிழி கிழியென்று கிழித்தாள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, எல்லாம் புரிந்தது.

அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன். கிரெஷ்ஷில் இடம் கிடைத்தால் ஆயிற்று. இல்லாவிட்டால் அடுத்த கப்பலில் ஊருக்குப் போகிறவர் யாரோடாவது பிள்ளையை அனுப்பிவிட வேண்டியதுதான். ஊரில் என் பக்கத்திலும் அவள் பக்கத்திலும் பிள்ளை வளர்க்கிற நிலையில் யாரும் இல்லை. அனுப்பினால் அஞ்சலையிடம்தான் அனுப்ப வேண்டும். விளையாட்டுக்கு விற்ற பிள்ளை நிஜமாகவே விற்றதாகிவிடும். இது இருவருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

கிரெஷ்ஷை நடத்துகிற அம்மாளை எல்லாரும் மதாம் என்றே கூப்பிடுவார்கள். புருஷன் சண்டையில் போனவர். கறுப்புக் கவுனும் நிமிர்ந்த முதுகுமாக, பார்த்தால் எங்கள் பழைய சார்ஜன்ட் ஞாபகம் வரும். காகிதம் எதையும் நம்பமாட்டாள். அதற்குக் காரணம் நம் ஆட்கள்தான். சொல்தாவின் சொந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் இடம் என்பது விதி. நம் ஆட்கள் அண்ணன் மகன், சகலை மகன் எல்லாரையும் என் பிள்ளை என்று கூட்டிப்போய் நிறுத்தினார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை. அண்ணன் மகனை வேறு எப்படிச் சொல்வதாம்? ஆனால் மதாமுக்கு அது விளங்கவில்லை. ஒரே சொல்தாவுக்கு ஒரே வயதில் நாலு பிள்ளைகளா என்று மிரண்டுபோய்ப் புதுச் சட்டம் போட்டுவிட்டாள். பெற்றவள் நேரில் வர வேண்டும், பிள்ளையைத் தொட்டு, இது என் பிள்ளை என்று சொல்ல வேண்டும்.

இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பச்சையம்மாவைக் கூட்டிப்போயிருக்க மாட்டேன்.

மதாம் பெயர் கேட்டாள். குப்பன் என்றேன். அர்த்தம் கேட்டாள். கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும், சொன்னேன். அவள் புருவம் உயர்ந்தது. பெற்ற பிள்ளைக்கு யாராவது குப்பை என்று பெயர் வைப்பார்களா என்ற சந்தேகம் அந்தப் புருவத்தில் தெரிந்தது. பிறகு பச்சையம்மாவைப் பார்த்து, பையனைக் காட்டி, "இவன் உன் பிள்ளையா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

நான் மொழிபெயர்க்கிற சாக்கில் ஏதாவது செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பச்சையம்மா தமிழில் என்ன சொன்னாலும் "ஆமாம் என்கிறாள், மதாம்" என்று சொல்லிவிட வேண்டியதுதானே. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் சைகோனுக்கு வந்து அவள் கற்ற பிரெஞ்சு வார்த்தைகள் இரண்டே இரண்டு. அதில் ஒன்றை எடுத்துவிட்டாள்.

"நோன்" என்றாள். இல்லை என்று அர்த்தம். போதாததற்குத் தலையையும் ஆட்டினாள்.

மதாம் எழுந்து கதவைத் திறந்துவிட்டாள்.

4

வீட்டுக்கு வந்து குதித்தேன். இந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் குடியா முழுகிவிடும், நான்தான் குல வழக்கம் எதுவும் வேண்டாம், பிரெஞ்சுச் சட்டமே போதும் என்று புதுச்சேரியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேனே, இன்னும் என்ன தவிடு, என்ன குப்பை என்று கத்தினேன். கத்தியதில் இருமல் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீ எழுதிக் குடுத்தய்யா. நான் எழுதிக் குடுத்தனா? எமன் எழுதிக் குடுத்தானா?"

"அப்ப கப்பல்ல ஏத்தி வுட்டுறலாமா? வுட்டுட்டு இருப்பியா நீ?"

"எங்கனா உசுரோட இருக்கட்டும்யா. எம் மடியில செத்ததுங்க போதும்."

எனக்கும் கோபம் வற்றிவிட்டது. சொன்னால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். அல்லது, தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் இல்லாத நேரத்தில், நானே "என் பிள்ளை, பச்சையம்மா பெற்ற பிள்ளை" என்று சத்தமாய்ச் சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். குப்பன் தரையில் உட்கார்ந்து என் பட்டாளத்து பூட்ஸை நக்கிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டே சொல்ல வரவில்லை. சட்டத்துக்கு எழுதிக் கொடுத்தவன் நாக்கும் அங்கே நின்றுவிட்டது. இது எனக்கே பெரிய ஆச்சரியம்.

5

மறுபடி நான் தனியாகப் போனேன். மதாம் என்னை உட்காரச் சொல்லவில்லை. விதி விதிதான், பெற்றவளே இல்லை என்ற பிறகு பேச என்ன இருக்கிறது என்று ஆரம்பித்தாள். பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுக்கிற நேரம். வேலைக்காரப் பெண் ரொட்டியைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். மதாம் பேச்சை நிறுத்தவே இல்லை. கை மட்டும் தானாய்ப் போய் ரொட்டியை நிமிர்த்தி வைத்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டையின்போது பிரான்சில் ஒரு கிராமத்து வீட்டில் எங்களைத் தங்க வைத்திருந்தார்கள். நான் ரொட்டியைக் கவிழ்த்து வைத்ததற்கு அந்த வீட்டுக்காரி என் கையிலேயே ஓர் அடி வைத்தாள். கவிழ்ந்த ரொட்டி கெட்டதைக் கூப்பிட்டு வருமாம்.

"எதற்குச் சிரிக்கிறாய்?" என்றாள் மதாம்.

"மதாம், அந்த ரொட்டியை மறுபடி கவிழ்த்து வையுங்கள்."

"எதற்கு?"

"சும்மா. வைத்துப் பாருங்கள். ரொட்டிதானே."

அவள் ரொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கை நீளவில்லை. பக்கத்து அறையில் பிள்ளைகள் ஏதோ பாட்டைக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் குப்பைமேடு, முறம், தவிடு, முன்னே போன இரண்டு பிள்ளைகள் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த சிப்பாய்ப் பிரெஞ்சில் சொன்னேன். தவிடு என்பதற்கு வார்த்தை தெரியாமல், குதிரைக்குப் போடுவார்களே அது என்று கையால் காட்டினேன்.

கேட்டு முடித்ததும் மதாம் என்ன கேட்டாள் தெரியுமா? "உப்பு போடுவீர்களா?" என்றாள். அவள் ஊர்ப்பக்கம் பிறந்த பிள்ளையின் துணியில் உப்பு முடிவார்களாம். உப்பு இல்லை, மிளகாய் சுற்றுவோம் என்றேன். அப்படியா என்று உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டாள். சார்ஜன்ட் மாதிரி இருந்த அம்மாள், பக்கத்து வீட்டுக்காரி மாதிரி ஆகிவிட்டாள்.

கடைசியில் சொன்னாள்: "பெற்றவள் சொல்ல வேண்டும் என்பது பெற்றவள் இங்கே இருந்தால்தான். தாய் கடலுக்கு அப்பால் இருக்கிறாள், அப்பன் பழைய சிப்பாய், தனியாய்ப் பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கிறான் என்றால் அவனுக்குத்தான் முதல் இடம். இவன் தாய் எங்கே?"

"பனித்திட்டில், மதாம். மீன் விற்கிறாள்."

"இங்கே வந்தாளே, அவள் யார்?"

"பிள்ளைக்கு அக்கா."

மறுநாளே குப்பனுக்கு வாத்துப் படம் போட்ட துண்டு கிடைத்தது.

6

பச்சையம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தான் சொன்னதை மதாமே ஒப்புக்கொண்டுவிட்டாள் அல்லவா? எனக்குத்தான் மனசுக்குள் அரித்தது. கிரெஷ்ஷில் வருஷத்துக்கு ஒருமுறை தாய்மார்களைக் கூப்பிட்டுக் காப்பி கொடுப்பார்கள். அன்று இவள் வேலைக்காரிகளோடு பின்கட்டில் நின்று கோப்பை கழுவுவாள். திரும்பி வந்து, யார் பிள்ளை எப்படிப் பாடியது என்று கதை கதையாய்ச் சொல்வாள்.

குப்பனுக்குப் பேச்சு வந்தது. பாதி பிரெஞ்சு, மீதி எங்கள் தமிழ். தான் இருமினால் "பர்தோன், நைனா" என்று மன்னிப்புக் கேட்பான். மற்றப் பிள்ளைகள் தங்கள் அம்மாவைப் பற்றிப் பேசுகிறதைக் கேட்டுவிட்டு வந்து நச்சரிக்க ஆரம்பித்தான்.

"அக்கா, எங்கம்மா எப்டி இருப்பாங்க?"

இவள் துணி மடித்துக்கொண்டே சொல்வாள். "உங்கம்மாவா? கறுப்பா, ஒசரமா. மீன்கூடையத் தலையில வச்சிகினு கையாலகூடப் புடிக்காம நடப்பாங்க. அவங்க சத்தம் போட்டா பூரணாங்குப்பத்துல கேக்கும்."

"நான்னா அவங்களுக்கு ஆசையா?"

"ஆசையா? கீழ கெடந்த உன்ன எடுத்து மாரோட அணைச்சிகினு ஓடினாங்க பாரு. நான் கண்ணால பாத்தண்டா."

இப்படித் தினமும் ஒரு கதை. பொய் ஒன்றும் இல்லை, நடந்ததைத்தான் சொன்னாள். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்குக் கோபம் வரும். தன் பிள்ளைக்கு இன்னொரு தாயை இவளே உட்கார்ந்து செய்கிறாளே என்று. "போதும் நிறுத்துமே" என்றால், "இன்னும் கொஞ்ச நாள்தான்யா. பல்லு வுழுந்துட்டா நான் சொல்லிக்க மாட்டனா" என்பாள்.

7

போன வாரம் குப்பனுக்குக் கீழ்வரிசையில் பல் ஆடி விழுந்தது. பச்சையம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் வைத்துக்கொண்டு அழுதாள். அவன் பயந்துபோய், தனக்கு வலிக்கவில்லை என்று அவளைச் சமாதானப்படுத்தினான்.

அன்றே என்னிடம் வந்து, என் பிள்ளை என்பதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். "மோன் ஃபீஸ்" என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டு நாள் இஸ்திரிப்பெட்டியைத் தள்ளிக்கொண்டே அதைச் சொல்லிப் பழகினாளாம், கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் அரைநாள் விடுப்பு வாங்கினாள். கல்யாணத்துக்கு எடுத்த கூரைப்புடவையைக் கட்டிக்கொண்டாள். ரிக்‌ஷாவில் போகலாம் என்றேன், வேண்டாம், நடந்தே போகலாம் என்றாள்.

மதாம் எங்களை வாசலிலேயே பார்த்துவிட்டாள். புடவையைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். குப்பனைக் கூப்பிட்டுக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினாள். பிறகு, அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள்.

பச்சையம்மா குனிந்து அவன் தலையில் கை வைத்தாள்.

"மோன் ஃபீஸ்" என்றாள். அது போதவில்லை போலிருக்கிறது. "எம்புள்ள. நான் பெத்த புள்ள" என்று தமிழிலும் சொன்னாள்.

மதாம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன். குப்பன் மட்டும் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தான். கிரெஷ்ஷில் பொய் சொன்னால் மூலையில் நிற்க வைப்பார்கள். அக்காவை நிற்க வைத்துவிடப் போகிறார்களே என்ற கவலை அவனுக்கு. மதாமைப் பார்த்து, அழகான பிரெஞ்சில், கையெல்லாம் ஆட்டி விளக்கினான்.

பச்சையம்மா என் பக்கம் திரும்பினாள். "இன்னா சொல்றான்?"

அந்த நேரத்தில் எனக்குப் பொய் சொல்லத் தோன்றாமல் இல்லை. சொல்லியிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தவளிடம் எப்படி ஏமாற்றுவது? உள்ளதைச் சொன்னேன்.

"இவங்க என் அம்மா இல்ல, அக்கா. விளையாட்டுக்குச் சொல்றாங்க, கோச்சிக்காதீங்க. எங்கம்மா பனித்திட்டுல இருக்காங்க, ஒருநாள் கப்பல்ல வருவாங்க. இப்டிச் சொல்றான்."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் சிரிக்கிற சத்தம்தான் கேட்டது. அழுதுகொண்டேதான் சிரித்தாள்.

"சொல்லட்டும்யா. முன்ன பொறந்தது ரெண்டும் ஒரு வார்த்த பேசாமப் பூட்டுதுங்க. இது என்னயே இல்லன்னு சொல்ற அளவுக்கு வளந்து நிக்குது பாரு."

குப்பன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். "பசிக்குது அக்கா, வூட்டுக்குப் போலாம் வா."

நான் பின்னால் நடந்தேன். ஆற்றோரச் சாலை நெடுக, எதிரே வருகிற ரிக்‌ஷாக்காரன், தள்ளுவண்டிக்காரி, யாரென்றே தெரியாத வெள்ளைக்காரத் துரை என்று ஒருவரையும் விடாமல் நிறுத்தி "மோன் ஃபீஸ், மோன் ஃபீஸ்" என்று காட்டிக்கொண்டே போனாள். அவனும் சளைக்காமல் ஒவ்வொருவரிடமும், அக்கா என்று திருத்திக்கொண்டே போனான்.